ஒரே நாளில் கேரிலோஸ், எஃப்ருசி வில்லாக்களும் கப் ஃபெரா கடலோர நடையும்: எந்த வரிசையில் போவது?

பாதசாரி73:

வணக்கம். அக்டோபர் 29 முதல் நவம்பர் 2 வரை தென் பிரான்ஸில் நீஸ் நகரில் தங்குகிறோம். அதில் ஒரு முழு நாள் பக்கத்துத் தீபகற்பமான கப் ஃபெராவுக்கு. கார் கிடையாது, ரயில், பேருந்து, நடைதான்.

இப்போதைக்குப் போட்டிருக்கும் திட்டம் இது: காலை 9 மணிக்குப் பேருந்தில் கப் ஃபெராவின் சான் ஜான் துறைமுகம். அங்கிருந்து கடலோரப் பாதையில் தீபகற்பத்தை முழுசாக ஒரு சுற்று. மதியத்துக்கு மேல் எஃப்ருசி தெ ரோத்ஷில்ட் வில்லா. சாயங்காலம் பக்கத்து ஊரான போலியூவுக்கு நடந்து கேரிலோஸ் வில்லா. அப்படியே ரயிலேறி நீஸ்.

அம்மாவும் வருகிறார், 64 வயது. சமதளத்தில் 7 கி.மீ. தாராளமாக நடப்பார், படி இறங்கினால்தான் முழங்கால் தகராறு. சாப்பாடு சுத்த சைவம்.

வரிசை சரிதானா? ஒவ்வொரு வில்லாவுக்கும் எவ்வளவு நேரம் விட வேண்டும்? இந்த இரண்டையும் தவிர வழியில் வேறு எந்த வில்லாவுக்குள்ளாவது போக முடியுமா?

நீலக்கரை:

வரிசையை அப்படியே திருப்பிப் போடுங்கள். முதலில் கேரிலோஸ், கடைசியில் எஃப்ருசி. தீபகற்பத்தின் முழுச் சுற்றை அன்றைக்கு மறந்துவிடுங்கள்.

முதல் காரணம் நேரம். அக்டோபரில் கேரிலோஸ் காலை 10 முதல் மாலை 5 வரைதான். உங்கள் திட்டப்படி வாசலுக்குப் போகும்போது நாலரை ஆகியிருக்கும், உள்ளே விடமாட்டார்கள். எஃப்ருசி 6 வரை திறந்திருக்கும். இரண்டாவது, வெளிச்சம். கேரிலோஸின் நூலக அறை கிழக்கே கடலைப் பார்த்தது. காலை வெயில் மேசைமேல் விழட்டும் என்றே அப்படி வைத்துக் கட்டியது. மாலையில் போனால் அந்த அறை மங்கிக் கிடக்கும். எஃப்ருசியோ முதுகெலும்பு மாதிரி ஒரு மேட்டில் நிற்கிறது, இரண்டு பக்கமும் கடல். சாயங்கால வெயிலில் மேற்கே வில்ஃப்ரான்ஷ் குடா பக்கம்தான் அழகு.

தேதியையும் கவனமாக எடுங்கள். நவம்பர் 1 புனிதர் அனைவர் திருநாள், கேரிலோஸுக்கு விடுமுறை. நவம்பர் பிறந்தால் எஃப்ருசி குளிர்கால நேரத்துக்கு மாறிவிடும்: வார நாட்களில் பிற்பகல் 2 மணிக்குத்தான் திறப்பு, சனி ஞாயிறிலும் பள்ளி விடுமுறையிலும் மட்டும் காலை 10. ஆக 29, 30, 31-க்குள் போய்விடுங்கள். அக்டோபர் கடைசி ஞாயிறு விடியற்காலையில் கடிகாரம் ஒரு மணி நேரம் பின்னால் போகும். அதற்கு முந்தைய நாள்வரை சூரியன் ஆறே காலைத் தாண்டி மறையும். மறுநாளிலிருந்து ஐந்தே காலுக்கே இருட்டத் தொடங்கிவிடும். கிளம்பும் வாரத்தில் இரண்டு வில்லாக்களின் இணையதளத்திலும் நேரத்தை ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

நடைமுறை இதுதான்:

காலை ஒன்பதரை வாக்கில் நீஸ் வில் நிலையத்தில் மொனாக்கோ, வென்டிமிலியா திசையில் போகும் டி.இ.ஆர். என்ற வட்டார ரயில். வலப்பக்க ஜன்னலில் உட்காருங்கள். சுரங்கம் சுரங்கமாக வரும், நடுநடுவே கடல் பளிச்சென்று தெரியும். போலியூ சுர் மேர் 12 நிமிடத்துக்குள் வந்துவிடும். முத்திரை குத்தவேண்டிய காகிதச் சீட்டு என்றால் ஏறுமுன் நடைமேடை இயந்திரத்தில் முத்திரை குத்திக்கொள்ளுங்கள். குத்தாத சீட்டும் சீட்டில்லாப் பயணமும் பரிசோதகருக்கு ஒன்றுதான்.

நிலையத்திலிருந்து கேரிலோஸ் 10 நிமிட நடை. சந்தின் பெயர் இம்பாஸ் குஸ்தாவ் எஃபெல். கோபுரம் கட்டிய அதே எஃபெல்தான். பக்கத்து வில்லா அவருடையது. முட்டுச் சந்து என்பதால் வழி தப்பிவிட்டதோ என்று திரும்பிவிடாதீர்கள், கடைசி வரை போங்கள். உள்ளே ஒன்றேகால் முதல் ஒன்றரை மணி நேரம்.

வெளியே வந்து எறும்புக் குடாவை ஒட்டி நடந்தால் மோரிஸ் ரூவியே நடைபாதை ஆரம்பம். அங்கிருந்து சான் ஜான் துறைமுகம்வரை கடலை ஒட்டிய சமதளம், கேரிலோஸிலிருந்து கணக்குப் போட்டால் 2 கி.மீ., மெதுவாக 35 நிமிடம். அம்மாவுக்கு இதைவிட நல்ல பாதை இந்தக் கரையில் கிடையாது. ரூவியே 1887-லும் 1905-06-லும் பிரெஞ்சுப் பிரதமராக இருந்தவர், சான் ஜானில் வில்லா வைத்திருந்தார்.

துறைமுகத்தில் பன்னிரண்டரைக்குச் சாப்பாடு. பிறகு 15-ம் எண் பேருந்தில் எஃப்ருசி சாலை முனை. நடந்தால் 20 நிமிடம், ஏற்றம்தான், படி அதிகமில்லை. இரண்டரைக்கு உள்ளே போனால் மூன்று மணி நேரம் கையில் இருக்கும். அது வேண்டும்.

மொத்தம் 6 கி.மீ.க்குள் முடிகிறது. முழுச் சுற்றைச் சேர்த்தால் இன்னொரு 5 கி.மீ., அதுவும் படிகளோடு. எஃப்ருசி தோட்டத்துக்குள் போகும்போது கால் ஓய்ந்திருக்கும். பலபேர் அந்தத் தோட்டத்தில் பாதியை மாடத்தில் நின்று எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்புவது இதனால்தான்.

கல்தச்சன்:

நீலக்கரை சொன்ன வரிசையே என் வரிசையும். கேரிலோஸைப் பற்றி மட்டும் கொஞ்சம் கூட்டிச் சொல்கிறேன், ஏனென்றால் விஷயம் தெரியாமல் போனால் அது வெறும் வெள்ளை வீடாகத் தெரியும்.

கட்டியது 1902 முதல் 1908 வரை. கட்டச் சொன்னவர் தேயோதோர் ரைனாக், தொல்லியல் அறிஞர், நாடாளுமன்ற உறுப்பினர். கட்டிடக் கலைஞர் எமானுவேல் போந்த்ரெமோலி, நீஸ்காரர். மாதிரி எடுத்துக்கொண்டது கிரேக்கத்தின் தெலோஸ் தீவில் அகழ்ந்தெடுத்த கி.மு. 2-ம் நூற்றாண்டு வீடுகளை. பழைய கிரேக்க வீட்டை அச்சாகப் பிரதி எடுத்தது என்று நினைக்க வேண்டாம். ஒரு கிரேக்கன் 1908-ல் வீடு கட்டியிருந்தால் எப்படிக் கட்டியிருப்பான் என்று யோசித்துக் கட்டியது. குழாய்த் தண்ணீர், மின்விளக்கு, வெப்பமூட்டும் ஏற்பாடு எல்லாம் உண்டு, ஆனால் கண்ணில் படாது. விளக்குகள் பழைய எண்ணெய் விளக்கு வடிவம். குடும்ப அறையில் ஒரு மரப்பெட்டி இருக்கும், மூடியிருந்தால் துணிப்பெட்டி என்றே நினைப்பீர்கள். அது ப்ளேயெல் பியானோ.

தரையைப் பாருங்கள், இதுதான் முக்கியம். வாசல் அறையில் நுழைந்ததுமே காலடியில் மொசைக்: சேவல், கோழி, குஞ்சுகள். பக்கத்தில் கிரேக்க எழுத்தில் ‘கைரே’, வருகிறவருக்கு வாழ்த்து. கூட்டம் இந்த இடத்தில் ஒலிவழிகாட்டியைக் காதில் மாட்டிக்கொண்டு தலையை நிமிர்த்தி நிற்கும், கோழிமேலேயே மிதித்துக்கொண்டு. அடுத்து 12 கராரா பளிங்குத் தூண்கள் சூழ்ந்த முற்றம். நம்மூர் முற்றத்து வீடு பழகிய கண்ணுக்கு அதன் தர்க்கம் சட்டென்று பிடிபடும்: வெளிச்சமும் காற்றும் நடுவிலிருந்து, அறைகள் சுற்றிலும். பெரிய வரவேற்பறைத் தரையில் சிக்கல்வழி வளைவுகளின் நடுவே கிரேக்கப் புராண வீரன் தேசியஸும் காளைத்தலை அரக்கன் மினோட்டாரும். எட்டுப் பக்கப் பளிங்குத் தொட்டி உள்ள குளியலறையையும் தவறவிடாதீர்கள், வாசலை ஒட்டியே இருப்பதால் அவசரத்தில் தாண்டிவிடுவார்கள்.

மேல்மாடியில் படுக்கையறைகள். ரைனாக்கின் மனைவி ஃபனியின் அறைக்குப் பெயர் பறவைகள், ரைனாக்கின் அறைக்குப் பெயர் ஈரோஸ்கள் (ஈரோஸ் கிரேக்கக் காதல் தெய்வம்). மேலே போகவும் இறங்கவும் படிதான். அம்மா ஒரே தடவை ஏறி, எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, கைப்பிடியைப் பிடித்து ஒரே தடவை இறங்குவது போல வைத்துக்கொள்ளுங்கள். கூர்குதிச் செருப்பு வேண்டாம், மொசைக்குக்கு ஆகாது. முதுகுப்பையை முன்னால் மாட்டிக்கொள்ளச் சொல்வார்கள்.

இரண்டு வில்லாவும் உறவுக்காரர்கள் வீடு என்பதையும் கவனியுங்கள். ஃபனியின் தாய் எஃப்ருசி குடும்பம். எதிர்க்கரை மேட்டில் வீடு கட்டிய பெயாத்ரிஸ் தெ ரோத்ஷில்ட் மணந்தது மோரிஸ் எஃப்ருசியை. கடைசியில் இரண்டு வீடுகளும் இன்ஸ்டிட்யூட் தெ ஃப்ரான்ஸ் என்ற அறிஞர் அவைக்கே உயிலில் போயின, 1928-லும் 1934-லும். ரைனாக்கின் மகன் லியோனும் அவர் குடும்பமும் போர்க்காலத்தில் நாஜிகளின் ஆஷ்விட்ஸ் முகாமுக்குக் கொண்டுபோய்க் கொல்லப்பட்டார்கள். முற்றத்தின் அமைதியில் நிற்கும்போது இதையும் தெரிந்து வைத்திருப்பது நல்லது.

பழைய வழிகாட்டிப் புத்தகங்களில் இரண்டுக்கும் சேர்த்து ஒரே சீட்டு என்றிருக்கும். அப்போது இரண்டையும் ஒரே நிறுவனம் நடத்தியது. 2016 முதல் கேரிலோஸ் தேசிய நினைவுச்சின்ன மையத்தின் கையில். தனித்தனிச் சீட்டு என்றே கணக்குப் போடுங்கள், ஒவ்வொன்றும் 20 யூரோவுக்குள். ஒன்றின் சீட்டைக் காட்டினால் மற்றதில் ஏதாவது குறைப்பார்களா என்று கவுண்டரில் கேட்பதில் நஷ்டமில்லை.

முனைக்காற்று:

முழுச் சுற்றைப் பற்றி ஒரு வார்த்தை. அதை ஒரேயடியாக வேண்டாம் என்று சொல்லமாட்டேன், அது வேறொரு நாளுக்கு. ஆனால் எந்தத் துண்டு எப்படி என்று தெரிந்துகொண்டு முடிவு செய்யுங்கள்.

மூன்று துண்டு. முதலாவது ரூவியே நடைபாதை; தள்ளுவண்டியே போகும். இரண்டாவது, பலோமா கடற்கரையிலிருந்து சான் ஓஸ்பிஸ் முனையைச் சுற்றி வருவது; ஒரு மணி நேரம், அங்கங்கே படிகள், பைன் நிழல். மேலே சிறு தேவாலயமும் 11 மீட்டர் உயர மாதா சிலையும், பக்கத்தில் முதல் உலகப் போரில் இறந்த பெல்ஜிய வீரர்களின் கல்லறைத் தோட்டமும் உண்டு. மூன்றாவது, கலங்கரை விளக்கத்தைச் சுற்றி மேற்கே பசாபிள் கடற்கரைவரை. ஒன்றரை முதல் இரண்டு மணி நேரம். வெள்ளைச் சுண்ணாம்புப் பாறை, நிழல் இல்லை, குடிதண்ணீர் இல்லை, கழிப்பறை இல்லை. இதில் மாட்டிக்கொள்ளும் இடம் எது என்றால், ஒரு பக்கம் தனியார் மதில், மறுபக்கம் கடல். நடுவில் வெளியேற வழியே இல்லாத நீளம் நிறைய. முழங்கால் பாதி வழியில் பிடித்தால் வந்த தூரம் அல்லது பாக்கித் தூரம், இரண்டில் ஒன்றை நடந்தே தீரவேண்டும். அதனால் அம்மாவோடு மூன்றாவது துண்டு வேண்டவே வேண்டாம்.

அக்டோபர் கடைசி மழைக்காலமும்கூட. கடல் ஏறினால் தடுப்பு வைத்துப் பாதையை மூடிவிடுவார்கள். தடுப்பைத் தாண்டிப் போகிறவர்கள் உண்டு; போகாதீர்கள். பாதை சில இடங்களில் அலைக்கு மிக அருகே, ஆயிரக்கணக்கான செருப்புகள் தேய்த்த சுண்ணாம்புக் கல் நனைந்தால் சோப்பு மாதிரி. தென்மேற்குக் காற்று என்றால் கலங்கரை விளக்கப் பக்கம் அடி வாங்கும். கிழக்குக் காற்று என்றால் போலியூ பக்கம், அன்றைக்கு ரூவியே நடைபாதையிலேயே நுரை தெறிக்கும். அப்படிப்பட்ட நாளில் கேரிலோஸிலிருந்து மேல் சாலைக்கு ஏறிப் பேருந்தில் போய்விடுங்கள்.

அந்தப் பாதை இருப்பதே ஒரு சட்டத்தால்தான். 1976 டிசம்பர் 31 சட்டப்படி கடலை ஒட்டிய தனியார் நிலத்தில் 3 மீட்டர் அகலம் பொதுமக்கள் நடக்க விடவேண்டும். கோடீஸ்வரன் மதிலுக்கும் கடலுக்கும் நடுவே நீங்கள் நடப்பது அவர் தயவில் இல்லை.

பாதசாரி73:

மூவருக்கும் நன்றி. 30-ம் தேதி என்று முடிவு செய்துவிட்டோம், முழுச் சுற்று இல்லை. மீதி வில்லாக்கள் பற்றி யாரும் சொல்லவில்லையே? ஆங்கில எழுத்தாளர் மோம் வாழ்ந்த வீடு, பெல்ஜிய ராஜா வீடு எல்லாம் அங்கேதான் என்று படித்தேன். எஃப்ருசிக்குள் மூன்று மணி நேரம் என்ன செய்வது?

நீலக்கரை:

சொல்லாததற்குக் காரணம், உள்ளே போக முடியாது. கப் ஃபெராவில் சீட்டு வாங்கி நுழையக்கூடிய பெரிய வில்லா எஃப்ருசி ஒன்றுதான். மற்றதெல்லாம் இரும்புக் கதவு, வேலி, காமிரா. எதிர்பார்ப்பை அதற்கேற்றபடி வைத்துக்கொள்ளுங்கள்.

லே செத்ர்: பெல்ஜிய அரசர் இரண்டாம் லியோபோல்ட் 1904-ல் வாங்கியது. பிறகு கிரான் மார்னியே மதுபானக் குடும்பத்திடம் போய், 14 ஹெக்டேர் தாவரத் தோட்டமாக வளர்ந்தது. 2019-ல் 20 கோடி யூரோவுக்கு விலைபோனது. சாலையிலிருந்து தெரிவது மரத்தலைகள் மட்டும்.

லா மோரெஸ்க்: லியோபோல்ட் தன் ஆன்ம குருவான பாதிரியாருக்குக் கொடுத்த இடம். சாமர்செட் மோம் 1920-களின் பின்பாதியில் வாங்கி இரண்டாம் உலகப் போர்க்காலம் நீங்கலாக 1965-ல் இறக்கும்வரை அங்கேதான் இருந்தார். 1938-ல் இந்தியா வந்து திருவண்ணாமலையில் ரமணரைப் பார்க்கப் போய் ஆசிரமத்தில் மயங்கி விழுந்தாரே, அந்தக் காலத்தில் அவர் வீடு இதுதான். தனியார் சொத்து, பார்க்க எதுவும் இல்லை. கதவைத் தேடி மேட்டில் அலைவது காலுக்குத்தான் கேடு.

சாந்தோ சொஸ்பீர்: கலங்கரை விளக்கத்துக்கு அருகே. 1950-ல் பிரெஞ்சுக் கவிஞரும் ஓவியருமான ழான் கொக்தோ சுவரெல்லாம் கோட்டோவியம் தீட்டிய வீடு. நினைத்த நேரத்தில் போய் மணியடித்து நுழையும் இடமல்ல. கொக்தோவின் கைவரிசை பார்த்தே ஆகவேண்டும் என்றால் வில்ஃப்ரான்ஷ் துறையில் சான் பியேர் சிற்றாலயம் இருக்கிறது, 1957-ல் உள்ளே முழுக்கத் தீட்டினார்.

ரூவியே நடைபாதையில் கடலோரமாக நிற்கும் இளஞ்சிவப்பு வீடு நடிகர் டேவிட் நிவென் வாழ்ந்தது. அதுவாவது பாதையிலிருந்து நன்றாகத் தெரியும்.

கல்தச்சன்:

எஃப்ருசிக்கு மூன்று மணி நேரம் எதற்கு என்றால்: வீட்டுக்கு ஒரு மணி, தோட்டத்துக்கு ஒன்றரை, தேநீர் அறைக்கு அரை.

பெயாத்ரிஸ் 1905-ல் தந்தை ஆல்ஃபோன்ஸ் இறந்து சொத்து கைக்கு வந்ததும் இந்த 7 ஹெக்டேரை வாங்கினார். பக்கத்து நிலத்துக்காரரான லியோபோல்டும் அதன்மேல் கண் வைத்திருந்தார்; அம்மாள் முந்திக்கொண்டார். மேடு பாறையாக இருந்ததை வெடிவைத்துச் சமன்செய்து 1907 முதல் 1912 வரை கட்டினார்கள். பல கலைஞர்களின் வரைபடங்களைத் தள்ளிவிட்டுக் கடைசியில் ஆரோன் மெசியா முடித்தார். கேரிலோஸுக்கு நேர் எதிர் மனம் இது. அங்கே ஒரே காலம், ஒரே கை. இங்கே கண்ணில் பட்டதையெல்லாம் வாங்கிக் கோர்த்தது: வெர்சாய் அரண்மனைச் சிற்றாலயத்துக்கு நெய்த சவோனரி கம்பளம், செவ்ர் பீங்கான், இளஞ்சிவப்பு வெரோனா பளிங்குத் தூண்கள். சிலருக்கு இது திகட்டும். எனக்கும் கொஞ்சம் திகட்டும். வீட்டை முடித்துக்கொண்டு தோட்டத்துக்கு நேரம் வையுங்கள்.

தோட்டத்தின் சூட்சுமம் மாடியிலிருந்துதான் தெரியும். முதல் மாடி ஜன்னலில் நின்று பாருங்கள். நீண்ட குளம் நேரே போகும், இருபுறமும் கடல், முனையில் மேடு: கப்பல் மேல்தளம் அப்படியே. பெயாத்ரிஸ் வீட்டுக்கு வைத்த பெயரும் ஒரு கப்பலின் பெயர்தான், இல் தெ ஃப்ரான்ஸ். 30 தோட்டக்காரர்களுக்கும் சிவப்புக் குஞ்சம் வைத்த மாலுமித் தொப்பி போட்டுவிட்டாராம். முதலில் மாடிக்குப் போய்ப் பார்த்துவிட்டுத்தான் இறங்கவேண்டும். மாற்றிச் செய்தால் குளமும் வேலியும் மட்டும்தான் ஞாபகத்தில் நிற்கும்.

நீரூற்றுகள் 20 நிமிடத்துக்கு ஒருமுறை இசைக்கு ஆடும். குளத்தின் வீட்டுப்பக்கக் கரையில் நின்றால் முழுசாகக் கிடைக்கும். ஒன்பது தோட்டங்கள். நடுவிலுள்ள பிரெஞ்சுத் தோட்டம் சமதளம், அம்மா அங்கேயே பெஞ்சில் உட்காரலாம். ஸ்பானிஷ், ஃப்ளோரன்ஸ் தோட்டங்கள் ஒரு படி கீழே, சரிவும் படியும் உண்டு. ரோஜாத் தோட்டம் கோடி முனையில். அக்டோபர் கடைசியில் ரோஜா அரைகுறைதான், ஆனால் அங்கிருந்து திரும்பிப் பார்த்தால் வீடு தண்ணீரில் தலைகீழாக நிற்பது தெரியும். கள்ளித் தோட்டம் அந்தப் பருவத்திலும் முழு அழகோடு இருக்கும், பாதை குறுகல், குழந்தைகளை விரல் நீட்டவிடாதீர்கள்.

அஞ்சறைப்பெட்டி:

சாப்பாட்டுக்கு யாரும் வாய் திறக்கவில்லை, நான் சொல்கிறேன். மதியம் இரண்டு, இரண்டரை மணிக்கெல்லாம் உணவகச் சமையலறைகள் மூடிவிடும், ஒரு மணிக்குள் உட்கார்ந்துவிடுங்கள். இந்தப் பக்கத்துப் பெயர்பெற்ற தின்பண்டங்களில் மீன் ஒளிந்திருக்கும். பான் பாஞ்ஞா ரொட்டியில் சூரை அல்லது நெத்திலி. பிசலாதியேர் பார்க்க வெங்காய அடை மாதிரி இருக்கும், மேலே நெத்திலி; அதை எடுத்துவிட்டுத் தரச் சொன்னாலும் பிரயோஜனமில்லை, அடியில் மீன் விழுது தடவியிருக்கலாம். சொக்கா கிடைத்தால் கண்ணை மூடிக்கொண்டு வாங்குங்கள்: கொண்டைக்கடலை மாவு, தண்ணீர், ஆலிவ் எண்ணெய், உப்பு, மேலே மிளகுத்தூள். சூட்டோடு தின்னவேண்டும், ஆறினால் தோல்.

துறைமுக உணவகங்கள் விலை அதிகம். போலியூ நிலையத்துக்கு அருகே சதுக்கத்தில் காலைச் சந்தை கூடும். இறங்கியதும் பழம், ரொட்டி, பாலாடைக்கட்டி வாங்கிப் பையில் போட்டுக்கொண்டால் ரூவியே நடைபாதை பெஞ்சிலேயே சாப்பிட்டுவிடலாம். தண்ணீர் புட்டியையும் அங்கேயே நிரப்புங்கள்.

முனைக்காற்று:

திரும்புவது பற்றி, மறக்குமுன்: எஃப்ருசி மூடும் நேரத்தில் 15-ம் எண் பேருந்துக்கு வாசலில் இருந்த கூட்டம் அத்தனையும் நிற்கும். ஒன்று, மூடுவதற்கு 20 நிமிடம் முன்பே வெளியே வந்துவிடுங்கள். இல்லையென்றால் தீபகற்பத்தின் கழுத்தில் போன் சான் ஜான் சந்திப்புவரை சாலையோரமாக நடந்து, கீழ்க் கார்னிஷ் சாலையில் மொனாக்கோவிலிருந்து நீஸ் போகும் 607-ம் எண்ணைப் பிடியுங்கள். பழைய குறிப்புகளில் இது 100-ம் எண் என்றிருக்கும். அது நீஸில் துறைமுகத்தருகே இறக்கிவிடும். கொஞ்சம் நெருக்கடி, பையை முன்பக்கம் வைத்துக்கொள்ளுங்கள். இருட்டிய பிறகு வில்ஃப்ரான்ஷ் ரயில் நிலையத்துக்கு நடக்கலாம் என்று வரைபடம் காட்டும். கடைசியில் கடற்கரைக்குப் படியிறக்கம், அம்மாவோடு வேண்டாம்.

பாதசாரி73:

போதும் போதும், முழு நாளும் கைக்கு வந்துவிட்டது. கடைசியாக ஒன்று: அன்று காலையே மழை பிடித்துக்கொண்டால்?

நீலக்கரை:

கேரிலோஸ் முழுக்க உள்ளே பார்ப்பது, மழையிலும் கெடாது. முற்றத்தில் மழை விழுவதைத் தூண்வரிசை நிழலில் நின்று பார்ப்பது தனி. எஃப்ருசியில் பாதிச் சீட்டுப் பணம் தோட்டத்துக்குத்தான், அது நனைந்துபோகும். மழை காலையோடு விடும் என்று வானிலை சொன்னால் திட்டத்தை மாற்றாதீர்கள். நாள் முழுக்க என்றால் அன்றைக்குக் கேரிலோஸ் மட்டும் முடித்துவிட்டு, எஃப்ருசியை 31-க்குத் தள்ளுங்கள். சீட்டை முன்கூட்டியே வாங்கி வைக்காதீர்கள். அக்டோபர் கடைசியில் வாசலிலேயே கிடைக்கும்.